கரையில் எழும்பாத எஞ்சின்

அந்தக் காலையில் நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. ஐந்தரை மணிக்குக் கராஜ் முதலாளி தொலைபேசியில் அழைத்தார். முந்தின நாள் நான் திருத்திக் கொடுத்த படகு எஞ்சின் கரையில் வேலை செய்யவில்லை.
2. சுபஹ் தொழுதுவிட்டு வந்த வாப்பா என்னைச் சைக்கிளில் கூட்டிவந்து கரையில் இறக்கிவிட்டு, வெங்காயத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனார்.
3. மற்றப் படகுகள் கடலுக்குப் போய்விட்டிருந்தன. ஒரு படகு மட்டும் மணலில் நின்றது.
4. அதன் சொந்தக்காரர் எஞ்சினை இழுத்து எழுப்பும் கயிற்றைக் கையால் காட்டினார்.
5. ஆறு தடவை இழுத்தேன். எழும்பவில்லை.

நான் அப்போது எத்தாளைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு எஞ்சின் கராஜில் பயிலுநர். தொண்ணூறில், யுத்தத்தின்போது, மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம் எங்களுடையது. நான் பிறந்தது இங்கே, கிடுகு வேய்ந்த முகாம் வீட்டில். தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் பிரிவில் சித்தியடைந்த பிறகும் ஒரு வருடம் வீட்டில் இருந்தேன். யுத்தம் முடிந்து கடலில் மீன்பிடித் தடை நீங்கியதும் படகுகள் பெருகியிருந்தன. எஞ்சின் விற்றுக்கொண்டிருந்த முதலாளி கராஜ் ஒன்றும் தொடங்கி, முகாம் குடும்பங்களிலிருந்து மட்டும் மூன்று பேரை எடுத்தார். நேர்முகத்தில் அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“எனக்குத் திருத்த ஆள் இல்ல. உங்களுக்கு வேலை இல்ல. இதுல யாரும் யாருக்கும் தருமம் செய்யல்ல, விளங்கிச்சா?”

ஆறு மாதப் பயிற்சிக்குள் பத்துப் படகுக்காரர்கள் எங்கள் வேலை சரியென்று அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை நிரந்தரம். என்னிடம் ஒன்பது கையெழுத்து இருந்தது. மீதி இருந்தது நாலு நாள். அதற்குள் வரவிருந்த வேறு எஞ்சின் எதுவும் இல்லை.

படகில் போகிற இரண்டு பேர் மணலில் குந்தியிருந்தார்கள்.

“எஞ்சினுக்கும் வெக்கம் போல. பொம்புள கை பட்டா எழும்புதில்ல,” என்றார் ஒருவர்.

“காம்ப் எஞ்சின் மச்சான். நிவாரணம் குடுத்தாத்தான் எழும்பும்,” என்றார் மற்றவர்.

நான் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றினேன். ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். மண்ணெண்ணெய். அப்போதே விளங்கிவிட்டது.

எங்கள் பக்கத்துப் படகு எஞ்சின்கள் பெற்றோலில் எழும்பி, சூடான பிறகு மண்ணெண்ணெயில் ஓடுபவை. நிறுத்துவதற்கு முன் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றி, சற்று ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே மண்ணெண்ணெய் தேங்கிவிடும். குளிர்ந்த எஞ்சின் அதில் பற்றாது. கல்லூரியில் நாங்கள் பழகியது பெற்றோல் எஞ்சின். கராஜிலும், தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் எஞ்சினை இறக்கிப் பெற்றோலில்தான் ஓட்டிப் பார்ப்போம். அந்த எஞ்சினை நான் கூடுதல் கவனமாக மண்ணெண்ணெயிலும் ஓட்டிப் பார்த்தேன். நன்றாக ஓடியது. அப்படியே நிறுத்திவிட்டேன். என் சரிபார்ப்புத் தாளில் இருபத்திரண்டு வரிகள் இருந்தன, எல்லாவற்றுக்கும் அடையாளம் போட்டிருந்தேன். இந்த ஒன்று அதில் இல்லை. கடலுக்குப் போகிறவர்களுக்கு அது கைப்பழக்கம் என்பதால் யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை.

காபரேட்டரில் தேங்கியிருந்ததை வடித்து, பிளக்கைத் துடைத்துப் பூட்டி, பெற்றோல் விட்டேன். இரண்டாம் இழுப்பில் எழும்பியது.

“என்ன பிழை?” என்று படகுக்காரர் கேட்டார்.

பிளக் பழசு என்று சொல்லியிருக்கலாம். உண்மையிலேயே அது பழசுதான்.

“நானா,” என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டேன், “எஞ்சின்ல பிழை இல்ல. நேத்து நான் மண்ணெண்ணெயில வெச்சே நிப்பாட்டிட்டேன்.”

அவர் என்னைப் பார்க்காமல், இதற்குள் வந்து நின்ற முதலாளியைப் பார்த்தார்.

“முதலாளி, நீங்க நல்ல காரியம் செய்யிறீங்க. சரி. அதுக்கு என்ட தொழிலயா பரீட்சைக்குப் போடுற?”

அதைவிட நியாயமான கேள்வியை அந்தக் கராஜைப் பற்றி இன்றுவரை வேறு யாரும் கேட்கவில்லை. முதலாளி எனக்காகப் பரிந்து பேசவில்லை.

“நீங்க சொல்றது ஞாயம். இனி கராஜில வெச்சி எஞ்சின் ஒப்படைக்க மாட்டோம். திருத்தின ஆளே விடியக் கரைக்கு வந்து, குளிர்ந்த எஞ்சின எழுப்பிக் காட்டணும். எழும்பாட்டி கூலி இல்ல.”

“இந்தப் புள்ளையா வரும்?”

“வருவேன்,” என்றேன்.

படகு போய்விட்டது. அட்டையை நான் நீட்டவில்லை. நீட்ட முகமில்லை.

பின்னேரம் வாப்பாவிடம் சொன்னேன். மன்னாரில் கடலுக்குப் போனவர் அவர்.

“என்னட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே. நாலாம் வகுப்புப் பொடியனுக்கும் தெரியும் அது.” சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் படகுக்காரர் கராஜுக்கு வந்தார். மூன்று நாளும் எஞ்சின் எப்படி எழும்பியது என்று தெரிந்த பிறகுதான் வந்தார் என்பது என் எண்ணம். அட்டையைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கீழே ஒரு வரியும் எழுதினார்: “பிந்தித்தான் ஓடியது. ஓடியது நல்லா.”

அவருக்கு நான் நன்றி சொன்னேன். முதலாளிக்குச் சொல்ல நினைத்து இன்னும் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். என் பிழைக்கு அவர் சாக்குச் சொல்லிப் பரிந்து பேசியிருந்தால் கையெழுத்து அன்றைக்கே கிடைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கரையில் என் எஞ்சினை நம்புவதற்கு யாருக்கும் ஒரு காரணம் இருந்திருக்காது.

கரையில் எழுப்பிக் காட்டும் முறை தொடங்கிய பிறகு மற்றக் கராஜ்களுக்குப் போய்வந்தவர்களும் எங்களிடம் வந்தார்கள். வேலை கூடியதால் அடுத்த வருடமும் முகாம் குடும்பங்களிலிருந்து ஆள் எடுக்க முடிந்தது. என்னையும் சேர்த்து முதலில் எடுத்த மூவரில் ஒருவர் வெளிநாடு போய்விட்டார். நானும் மற்றவரும் இங்கேதான். பெண் திருத்தினால் வேண்டாம் என்று சொல்லும் படகுக்காரர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய எஞ்சின்களை மற்றவர் பார்க்கிறார். நான் நிரந்தரப் பணியாளர். கிழமையில் நாலு நாள் விடியக் கரைக்குப் போகிறேன்.