தொட்டுப்பார் பெட்டியில் இருந்தது

ஃபிடெல்மா டான்சியைத் தெரியாதவர்கள் கிளூன்மோரில் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்து, உறையைப் பிரிக்காமலே ஊர்க் கடிதங்களையெல்லாம் படித்தவள் என்று கேலி செய்வார்கள். தபால் ஆபீசை மூடிய பிறகு, பழைய கோர்ட் கட்டிடத்தில் இருந்த ஊர் மியூசியம் அவளைப் பிடித்துப் போட்டது. பள்ளிக்கூடங்களுக்கும் முதியோர் இல்லத்துக்கும் சரித்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவதுதான் வேலை. சம்பளம் பேருக்குத்தான். இருந்தாலும் வாய்க்கு வேலை இருந்தால் வயிறே பசிக்காத ஜென்மம் அவள்.

தொட்டுப்பார் பெட்டி அவளுடைய சொந்த யோசனை. ஒரு மரப்பெட்டி, உள்ளே பேன்சீப்பு, சிலேட்டு, யுத்தகால ரேஷன் புத்தகம், கழுதை லாடம், இத்தனைக்கும் அடியில் ஒரு கையெறி குண்டு. பிள்ளைகள் காத்திருப்பதெல்லாம் அந்தக் குண்டுக்குத்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பேக்கி காஃப்னி என்ற கிழட்டு விவசாயி கொடுத்தது. அவருடைய அப்பா நாட்டு விடுதலைக்காக இங்கிலீஷ்காரன் பட்டாளத்தோடு மல்லுக்கு நின்றவர். ‘அப்பாவே தொள்ளாயிரத்து இருபத்திமூணுல மருந்தையெல்லாம் கொட்டிட்டாரு’ என்று பேக்கி சொன்னார். மியூசியப் படிவத்தில் ‘காலி செய்யப்பட்டதா, யார் சோதித்தது’ என்று ஒரு வரி இருந்தது. ‘ஆம், குடும்பத்தார்’ என்று எழுதினாள் ஃபிடெல்மா.

வேறு என்ன எழுதுவாள்? அந்தச் சண்டையில் நின்ற மனிதரின் பேச்சை, அவர் மகன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, அவன் வெட்டி வைத்த பன்றித் தொடைக்கறியைத் தின்றுகொண்டே, ‘நிஜமா?’ என்று கேட்க அந்த ஊரில் எவனுக்கு வாய் வரும்? கேட்டால் பேரன் பேத்தி காலம்வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். மியூசியக் கமிட்டியில் இருந்த ஒன்பது பேரும் அதே ஊர்க்காரர்கள். ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டதோடு நிற்கவில்லை அவள். ஒவ்வொரு வகுப்பிலும் கடைசியாக ஒரு விளையாட்டு வைப்பாள். குண்டின் வளையத்தைப் பிடித்து அதன் பின் ஊசியை உருவ முடிகிறதா என்று போட்டி. ‘நூறு வருஷமா எந்த வீரனாலும் முடியல, வாங்க பார்ப்போம்’ என்று உசுப்பேற்றி விடுவாள். பிள்ளைகள் முகம் சிவக்க இழுப்பார்கள். போன குளிர்காலத்தில், கையில் துரு ஒட்டுகிறது என்று ஒரு டீச்சர் முணுமுணுத்ததால், அவளே எண்ணெய் விட்டு அழுந்தத் துடைத்தும் வைத்தாள்.

அந்த வியாழக்கிழமை பெட்டி, விளையாட்டு விதிகளோடு சேர்த்து, டிரம்கீல் பள்ளிக்கு ஒரு வாரக் கடனாகப் போயிருந்தது. அதனால் முதியோர் இல்லத்துக்குப் படங்களை மட்டும் எடுத்துப் போனாள். பேக்கியின் அக்கா நோனி அங்கேதான் இருந்தாள். எண்பத்துமூன்று வயதிலும் கண் கூர்மை. குண்டின் படத்தைக் கையில் வாங்கியதும் நோனியின் முகம் மாறிவிட்டது.

“இது எங்க வீட்டுது. இது எப்படி வெளியில வந்துச்சு?”

பேக்கி கொடுத்ததையும் அப்பா காலி செய்ததையும் ஃபிடெல்மா சொன்னாள்.

“யாரு, எங்கப்பாவா? அவரு அதைத் தொடவே நடுங்குவாரு, பொண்ணே. எண்ணெய்த்துணியில சுத்திக் கோழிக்கூட்டுச் செவுத்துக்குள்ள வச்சு அடைச்சாரு. அந்தப் பக்கம் போனா எங்கம்மா தோலை உரிச்சிடுவா. பேக்கி நல்லாப் புளுகியிருக்கான்.”

ஃபிடெல்மா படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். கிழவிக்கு நினைவு தடுமாறுகிறது என்று ஒரு நிமிஷம் மனதைத் தேற்றப் பார்த்தாள். ஆனால் தடுமாறுகிற ஆள் இல்லை நோனி, அது ஃபிடெல்மாவுக்கே தெரியும். தாழ்வாரத்துக்கு ஓடி வந்து பள்ளிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டே டீச்சர் உள்ள பள்ளி, இருவரும் வகுப்பில் இருந்தால் யார் எடுப்பது? அவசர உதவிக்கு அடித்தாள். ராணுவத்தின் வெடிகுண்டுப் பிரிவு கிளம்புகிறது, ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுவரை யாரும் அதைத் தொடக் கூடாது என்றார்கள். தொடக் கூடாதாம்! தொட்டுப் பார்க்கத்தானே பாவி அவள் அதைக் கொண்டு போய் வைத்திருந்தாள்.

பதினோரு கிலோமீட்டர், வளைந்து வளைந்து போகும் ஒற்றைச் சாலை. வழியில் ஒரு டிராக்டர் அசைந்து அசைந்து போனது. ஃபிடெல்மா ஹாரனில் கை வைத்தபடியே அழுதாள். எண்ணெய் போட்ட துணி, தன் விரல், அந்தப் பின் ஊசி, எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. வானத்தில் புகை தெரிகிறதா என்று ஒவ்வொரு வளைவிலும் பார்த்தாள். ‘கடவுளே, இன்னிக்கு அவங்களுக்குக் கணக்குப் பாடமா இருக்கட்டும்’ என்று வேண்டிக்கொண்டாள்.

பள்ளி வாசலில் காரை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். வகுப்புக்குள்ளிருந்து கூச்சல். உயிர் போய் உயிர் வந்தது, பிள்ளைகள் உயிரோடுதான் கத்துகிறார்கள். கதவைத் தள்ளியதும் வந்த உயிரும் போய்விட்டது.

இருபத்துமூன்று பிள்ளைகள் வட்டமாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கார்மக் ப்ரெஹெனி வாத்தியார் கையில் கடிகாரத்தை வைத்து நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் டெர்வ்லா என்ற பத்து வயதுப் பெண், குண்டை இரண்டு முழங்காலுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு வளையத்தை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

“மிஸ், இது நகருது!” என்றாள் டெர்வ்லா.

கத்தினால் பிள்ளை பயந்து கீழே போட்டுவிடுவாள். ஃபிடெல்மா தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் பேசுவதுபோல ஒரு குரலை எங்கிருந்தோ இழுத்து வந்தாள்.

“நீதான் கெட்டிக்காரி. வளையத்தை விட்டுடு கண்ணு. இப்ப என் முறை.”

“இன்னும் ஒரே ஒரு தடவை, மிஸ்.”

“அதெல்லாம் இல்ல. என் முறைன்னா என் முறை.”

டெர்வ்லா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வளையத்தை விட்டாள். ஃபிடெல்மா மண்டியிட்டுக் குண்டை இரண்டு கையாலும் பொத்தி எடுத்தாள். பின் ஊசி ஒரு விரற்கடை வெளியே வந்திருந்தது. பக்கவாட்டுத் தகடு எழும்பாமல் இருந்தால் வெடிக்காது என்று எப்போதோ கேட்ட ஞாபகம். அதை உள்ளங்கையோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். ப்ரெஹெனி அவள் முகத்தைப் பார்த்தார். உடனே பக்கத்து வகுப்பையும் சேர்த்துப் பிள்ளைகளை வரிசையாக முன்வாசல் வழியே சாலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பள்ளிக்குப் பின்னால் இருந்த மேய்ச்சல் நிலத்தில் போய் நின்றாள் ஃபிடெல்மா. கீழே வைக்கப் பயம், வைத்திருக்கவும் பயம். மழை தூறியது, கை மரத்தது, விரல் தானாக நழுவிவிடுமோ என்று திரும்பத் திரும்பக் குனிந்து பார்த்தாள். ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள், பாதியில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றாள். பிறகு வந்த ராணுவ அதிகாரி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் குண்டை வாங்க வேண்டியிருந்தது.

மூன்று மணிக்கு மணல் மூட்டைகளுக்கு நடுவே வைத்து வெடித்தார்கள். பள்ளி ஜன்னல்கள் அதிர்ந்தன, சாலையில் நின்ற பிள்ளைகள் சிலர் அழுதார்கள். உள்ளே இருந்த மருந்து கொஞ்சமும் கெடவில்லை என்றார் அதிகாரி.

ஃபிடெல்மா வீட்டுக்குப் போகவில்லை, நேரே பேக்கி காஃப்னி வீட்டுக்குப் போனாள். கேட்க வேண்டியதையெல்லாம் வழி முழுக்கப் பல்லைக் கடித்துச் சொல்லிப் பார்த்தாள். கிழவர் வாசல் கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். சத்தம் அங்கேயும் கேட்டிருந்தது, பள்ளியில் நடந்ததும் ஊர் வாயால் வந்து சேர்ந்திருந்தது.

“பிள்ளைங்களுக்கு?” என்றார்.

“ஒண்ணும் ஆகல. உங்களுக்கு மனசாட்சி இருக்கா, பேக்கி? பொய் சொல்லிக் குடுத்தீங்களே!”

“எழுபது வருஷம் அது கூட ஒரே வீட்டுல படுத்தேன். உண்மையைச் சொன்னா போலீஸ் வரும், அப்பா பேரு சந்தி சிரிக்கும். பொய் சொன்னேன், ஒத்துக்கிறேன். ஆனா மியூசியம்னா கண்ணாடிக்குள்ள வச்சுப் பூட்டுவாங்கன்னுதானே குடுத்தேன், ஃபிடெல்மா? பிள்ளைங்க கையில குடுத்து இழுக்கச் சொல்வீங்கன்னு நான் கனவு கண்டேனா?”

பதினோரு வருஷமாக எத்தனை வகுப்பு, எத்தனை பிஞ்சுக் கை என்று ஃபிடெல்மா எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுக் கேட்டைப் பிடித்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் அவளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.