நான் தயாரித்த ரகசியப் படிவம்

கல்லூரியில் எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. பரீட்சை முடிந்ததும் மறந்துபோகிற பாடத்தை நான் கொடுப்பதில்லை, மாணவர்கள் சேர்ந்து கற்று ஆயுசுக்கும் வைத்திருக்கிற மாதிரி வேலை கொடுப்பேன் என்று. அந்தப் பெயருக்காக ஒரு பெண்ணின் படிப்பு போயிருக்கிறது.

வேலை இதுதான். லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வந்தபோது யார் எந்தப் பக்கம் ஓடித் தப்பினார்கள் என்று காய்கறித் தோட்டக்காரர்களிடம் கேட்டு, நான்கு நான்கு பேராக ஒரு வரைபடம் போடவேண்டும். அடுத்த முறை தண்ணீர் வந்தால் அந்த ஊருக்கே உதவும். சும்மா இருந்துவிட்டு மதிப்பெண் வாங்குகிறவர்களைப் பிடிக்க ஒரு படிவமும் தயாரித்தேன். தன்னையும் சேர்த்து, குழுவில் யாருக்கு எவ்வளவு மதிப்பெண் தகும் என்று ஒவ்வொருவரும் ரகசியமாக எழுதித் தரவேண்டும். அதுவே முடிவு, நான் கைவைக்க மாட்டேன். துறைக் கூட்டத்தில் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெண் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து வந்தவள். இந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தால்தான் பட்டப்படிப்புக்கு இடம். அவள் குழுவின் மற்ற மூவரும் டவுன் பிள்ளைகள். ஒரு நாள் காரில் வந்து, போட்டோ எடுத்து, ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் வாராவாரம் நடந்து போய் வீடு வீடாகக் கேட்டாள். கேட்டதையெல்லாம் குறித்த குழுவின் நோட்டுப் புத்தகத்தை நானே புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை அவள் கையெழுத்துதான்.

படிவங்கள் வந்தன. மூவரும் அவளுக்குக் குறைவாகப் போட்டிருந்தார்கள். அவள் சந்திப்புகளுக்கு வரவில்லையாம். சந்திப்பு நடந்ததோ டவுன் காப்பிக் கடையில். அவள் மூவருக்கும் முழுசாகப் போட்டு, தனக்கு மட்டும் பாதி போட்டிருந்தாள்.

"ஏம்மா இப்படி எழுதுன?" என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

"எங்க அம்மாவுக்கு முடியாத நாள்ல கூட உள்ளவங்க அவங்க கூடையில ரெண்டு பிடி கொழுந்து போடுவாங்க மிஸ். நிறுக்கும்போது யாரும் கங்காணிகிட்ட சொல்ல மாட்டாங்க. கூட வேலை செஞ்சவங்கள எப்படிக் காட்டிக் குடுக்கிறது? பாவம்லா."

எனக்கு இது தெரியாததா? நானும் லைனில் பிறந்தவள்தான். என் அம்மாவின் கூடையிலும் அப்படி விழுந்த கொழுந்து உண்டு. சேர்ந்து கற்பது எப்படி என்று பட்டறை பட்டறையாகப் போய் உட்கார்ந்துவிட்டு, அதிலேயே ஊறி வளர்ந்தவளைத் தோற்கடிக்கிற படிவத்தைத் தயாரித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, அதையும் அவள்மேல்தான் காட்டினேன்.

"உடனே மேல்முறையீடு எழுது" என்று அதட்டினேன்.

"அவங்க ஒண்ணும் செய்யலன்னு எழுதணுமே மிஸ், என்னால முடியாது. நோட்ட நீங்க பாத்தீங்கதானே. இந்தப் படிவம் சரியில்லன்னு நீங்களே எழுதிக் குடுத்தா பத்தாதா?"

ஒரு பக்கம் எழுதினால் போதும். எழுதவும் உட்கார்ந்தேன். அந்த மாதம்தான் மற்றத் துறைகளும் என் படிவத்தை எடுத்துக்கொள்வதாக இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். மேல்முறையீட்டுக்கான கடைசி நாளும் போயிற்று, அவள் இடமும் போயிற்று.

போகும்போது அலுவலகத்தில் அவளிடம் காரணம் கேட்டிருக்கிறார்கள். "மிஸ் நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க, நான்தான் சரியா செய்யல" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.