எழுதாமல் விட்ட நாலு தடவை

ஆர்வில் ஸ்டெனர்சன் முப்பத்தெட்டு வருஷம் பால் லாரி ஓட்டியவர். எந்தப் பண்ணைக்காரரிடமும் முகம் சுளித்து ஒரு வார்த்தை பேசியதில்லை. வாசலில் பனியைக்கூட ஒதுக்கி வைக்காத சோம்பேறிகள் வீட்டில் தானே மண்வாரியை எடுத்து வழி செய்துகொண்டு பாலை ஏற்றிப் போவார். வெஸ்ட்பி ஊர்ப் பக்கத்தில் நாங்கள் எல்லாருமே ஏறக்குறைய இப்படித்தான். குறை சொல்வது எங்களுக்குக் கெட்ட வார்த்தை பேசுவது மாதிரி. அதைப் பெரிய குணம் என்று வேறு சொல்லிக்கொள்கிறோம். என்ன குணமோ.

அவர் மனைவி லவோனுக்குச் சர்க்கரை நோய் முதலில் வலது காலைக் கொண்டுபோனது, அப்புறம் சிறுநீரகத்தை. திங்கள், புதன், வெள்ளி, வாரத்துக்கு மூன்று நாள் லா கிராஸ் நகரத்துக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். சக்கர நாற்காலியோடு சாதாரணக் காரில் ஏற்ற முடியாது. ஆர்வில் தன் லாரியை விற்றுவிட்டு, நாற்காலியை அப்படியே தூக்கி ஏற்றிக்கொள்ளும் வேன் ஒன்று வாங்கினார். வாழ்க்கையில் அவர் வாங்கிய முதல் புது வண்டி அதுதான். "கல்யாணத்தப்பகூட நீ எனக்கு இவ்ளோ பெருசா எதுவும் வாங்கிக் குடுத்ததில்ல. கால் போனாத்தான் உனக்குக் கை நீளுது," என்றாள் லவோன். ஆர்வில் காது சிவக்கச் சிரித்தார்.

மூன்றாவது வாரம், இறக்கத்தில் வேகத்தைக் குறைத்தபோது எஞ்சின் அணைந்துவிட்டது. ஸ்டியரிங் கல்லாக இறுகியது. பத்து நிமிஷம் கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. வாங்கின கடைக்கே கொண்டுபோனார். அங்கே பழுது பார்க்கும் பிரிவுக்குத் தலைவர் வெர்லின் நெஸ்டிங்கன், முப்பது வருஷமாக ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் ஆர்விலோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவர், சீட்டாட்டத்தில் கூட்டாளி. வெர்லின் புகார்ச் சீட்டை எடுத்ததும் ஆர்விலுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. நண்பன் மேலேயே புகார் எழுதுவதா?

"அட, சீட்டெல்லாம் எதுக்கு வெர்லின். சின்ன விஷயம். நேரம் கெடைக்கறப்ப ஒரு பார்வை பாத்து விடு, போதும்."

வெர்லினும் பேனாவை மூடி வைத்தார். ஒவ்வொரு சீட்டுக்கும் கம்பெனி ஆயிரம் கேள்வி கேட்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானே வண்டிக்கு அடியில் படுத்து ஏதோ ஒன்றை மாற்றிக் கொடுத்தார். நல்ல மனசோடுதான் செய்தார், அதில் சந்தேகமே இல்லை.

ஜூனிலிருந்து டிசம்பருக்குள் ஆறு தடவை போனது வண்டி. வெர்லின் லீவில் இருந்த இரண்டு தடவை மட்டும் வேறு ஆட்கள் சீட்டு எழுதினார்கள். அதிலும் ஒன்றில், "நின்றுபோகிறதாம், அவசரமில்லை என்கிறார், குறை எதுவும் தென்படவில்லை" என்று இருந்தது. அவசரமில்லை என்று சொன்னது சாட்சாத் ஆர்வில்தான்.

ஜனவரியில் கூன் பள்ளத்தாக்குக்கு இறங்கும் வளைவில் எஞ்சின் அணைந்து, வண்டி சறுக்கிப் பனிப் பள்ளத்தில் இறங்கியது. நாற்காலியை இறக்கும் கருவியும் வேலை செய்யவில்லை. நாற்பது நிமிஷம் அந்தக் குளிரில் கிடந்தார்கள். ஆர்வில் தன் கோட்டைக் கழற்றி அவள் மேல் போர்த்தினார். "வெர்லின் மனசு நோகக்கூடாதுன்னு பாத்துப் பாத்து நடந்துக்கிட்டியே, இப்ப என் மூக்கு எங்க இருக்குன்னே தெரியல," என்றாள் லவோன். ஒரு பால் லாரிக்காரர் வந்து இழுத்துவிட்டார். அதன்பின் அவளை அந்த வண்டியில் ஏற்ற ஆர்விலுக்குத் தைரியம் வரவில்லை.

மாவட்டத்தின் சக்கர நாற்காலி வண்டி திங்களும் புதனும் வரும். வெள்ளிக்கிழமை வராது. கோயிலில் யாராவது விசாரித்தால் இருவருமே "சமாளிச்சுக்கறோம்" என்றார்கள். மூன்று நாள் கட்டாயம் வரவேண்டும் என்று டாக்டர் அம்மாள் இரண்டு தடவை கடிந்துகொண்டாள். லவோனின் மிச்சமிருந்த கால் வீங்கத் தொடங்கியது.

லவோன்தான் பிடரியைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவரை வக்கீலிடம் அனுப்பினாள். ஜோலின் பெட்கே என்ற அந்தச் சின்ன வயது வக்கீல் பொறுமையாகக் கேட்டாள்.

"சட்டம் உங்க பக்கம்தான் இருக்கு. ஒரே குறைக்கு முதல் வருஷத்துக்குள்ள நாலு தடவ கொண்டுபோயும் சரியாகலன்னா, கம்பெனி வேற வண்டி குடுக்கணும், இல்ல பணத்தைத் திருப்பணும். நீங்க எத்தனை தடவ போனீங்க?"

"ஆறு."

"சீட்டு?"

இரண்டை எடுத்து வைத்தார். அவள் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "மத்த நாலு தடவ நீங்க அங்க போனதுக்கே அடையாளம் இல்லயே. பழுது பாத்தவர் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதும். அவர் உங்க சிநேகிதர்தானே? கேளுங்க."

கேளுங்க என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். அவள் வேறு ஊர்க்காரி.

சனிக்கிழமை மதியம் ஆர்வில் வெர்லின் வீட்டுக்குப் போனார். வக்கீல் தட்டச்சு செய்து கொடுத்த தாள் சட்டைப் பையில் இருந்தது. வெர்லினின் மனைவி காப்பி வேண்டுமா என்று கேட்டாள். எங்கள் வழக்கப்படி இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது தடவை சரி என்றார். பனியைப் பற்றிப் பேசினார்கள். பால் விலையைப் பற்றியும், கோயில் கூரை ஒழுகுவதைப் பற்றியும் பேசினார்கள். "வண்டி எப்டி ஓடுது?" என்று வெர்லினே கேட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்த நேரம். ஆர்வில் பையைத் தொட்டுப் பார்த்தார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிற மனிதன், புகாரை எழுதாமல் மறைத்தேன் என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்தால் கடையில் வைத்திருப்பார்களா?

"ஓடுது," என்றார்.

வெர்லினும் ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி வெகுநேரம் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார். அப்புறம், இந்தக் குளிர்காலம் நீளமாகத்தான் போகிறது என்றார்.

வீட்டில் லவோன் சன்னலருகே காத்திருந்தாள். "கேட்டியா?"

"இன்னிக்குச் சமயம் சரியில்ல."

அடுத்த வாரமாவது கேள் என்றாள் அவள். அடுத்த வாரமும் அவர் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

மார்ச் இரண்டாவது ஞாயிறு காலை, அவர் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது லவோனுக்கு மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஆம்புலன்ஸ் லா கிராஸ் எல்லையைத் தொடுவதற்குள் உயிர் போய்விட்டது. புதன்கிழமையோடு சரி, அதற்குப் பிறகு அவள் ரத்தம் சுத்தம் செய்யப்படவில்லை என்பது ஆர்விலுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அடக்கம் முடிந்து கோயிலின் கீழ்த்தளத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெர்லின் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார். வக்கீலைப் பார்த்ததாகக் காதில் விழுந்ததே, என்ன ஆச்சு என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். உன் கையெழுத்து இருந்தால் வேறு வண்டி கிடைத்திருக்கும் என்று ஆர்வில் சொன்னார்.

வெர்லின் தட்டைத் தள்ளி வைத்தார். "கேட்டிருந்தா போட்டிருப்பேனே, ஆர்வில்."

"தெரியும். உன் வேலை போயிடும்னுதான் கேக்கல."

வெர்லினின் முகத்தில் ஈயாடவில்லை. "நீ வீட்டுக்கு வந்தியே, அதுக்கு முந்தின வாரமே வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். இந்த மாசக் கடைசியோட சரி. முதுகு ஒத்துழைக்கல. அன்னிக்கு உங்கிட்டச் சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. லவோன் அந்த நிலமையில இருக்கறப்ப என் பாட்டை எதுக்குப் பாடணும்னு விட்டுட்டேன்."

ஆர்வில் மேஜையைப் பிடித்துக்கொண்டார். அறுபத்தொன்பது வயது மனிதர், ஊர் முழுக்கப் பார்த்திருக்க, குரல் உடைந்து அழுதார். பக்கத்து மேஜைகளில் கரண்டிச் சத்தம் நின்றது.

"அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு வெள்ளிக்கிழமைதான், வெர்லின்," என்றார்.