எண்ணெய் வைத்த கை

தொண்ணூறுகளில் என் மகள் அடையாற்றில் போட்டிப் படகு ஓட்டினாள். அகில இந்தியப் போட்டியன்று காலையில் அவளுக்கு ஒரு வாய் இட்லிகூட இறங்கவில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு, கரையில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். எனக்கு மனசு கேட்கவில்லை. மீன்கூடை தூக்கிக் கை புண்ணானால் எங்கள் குப்பத்தில் தேங்காய் எண்ணெய்தான் வைப்போம். அதையே அவள் கையில் தடவிவிட்டேன்.

பதறி எழுந்தாள். "இன்னாம்மா பண்ண நீ? துடுப்பு வழுக்கிக்கினு பூடும்மா! மூணு வருசமா இதுக்குத்தானே செத்துக்கினு கீறேன்!"

கரையோர டீக்கடைக்கு ஓடினேன். அடுப்புச் சாம்பலை அள்ளிவந்தேன். வழுக்குகிற மீனைச் சாம்பல் தொட்டுத்தான் பிடிப்போம். அந்த நினைப்பில் அவள் கையில் தேய்த்தேன். எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டாள். கழுவிவிட்டுத் துடுப்பைப் பிடித்துப் பார்த்தாள். நான் மூச்சுகூட விடவில்லை.

"பிடி நிக்குதும்மா. இன்னும் கொஞ்சம் தேய்" என்றாள்.

போட்டி முடியும்வரை நான் ஆற்றுப் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டாவதாக வந்துவிட்டாள் என்று டீக்கடைக்காரர்தான் வந்து சொன்னார்.