மெத்தை வீட்டு நிழல்

உச்சி வேளை ஆனதும் கந்தவேல் வாசலுக்கு வந்து, எதிர்வீட்டு நிழல் முடிகிற இடத்தில் கால் கட்டைவிரலால் தெருமண்ணில் ஒரு கோடு கிழித்தார். குனிந்து பார்த்தார். நேற்றுக் கிழித்த கோட்டின் மேலேயே இதுவும் விழுந்திருந்தது. "நகர மாட்டேங்குது பாருங்க," என்றார், தலைச்சுமையோடு போய்க்கொண்டிருந்த விறகுக்காரரிடம். "சூரியனுக்கே இவன் ஊட்டைத் தாண்டி வரப் பயம்." விறகுக்காரர் இதைக் கார்த்திகையிலிருந்து கேட்டு வருகிறவர். ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நடையைக் கட்டினார்.

கந்தவேலுக்கு ஐம்பது வயது இருக்கும். அம்மாபேட்டையில் அந்தத் தெருப் பாவுகளுக்கெல்லாம் கஞ்சி போடுகிறவர் அவர்தான். தறியில் ஏறும் முன், நீளவாட்டு இழைகளான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, அது காயக் காயப் பெரிய பிரஷால் நீவிக்கொண்டே போக வேண்டும். கை நின்றால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெயில் பிந்தினாலும் அதே கதிதான். கஞ்சி பதமாகிவிட்டதா என்று விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் ஒரு கொதி," என்பார். மனைவி ராமாத்தாள் வைக்கும் குழம்பை இத்தனை அக்கறையாக அவர் ஒருநாளும் ருசி பார்த்ததில்லை என்பது அவளுடைய குறை.

எதிரே, தெருவின் தென்புறத்தில், முன்பு மூன்று ஓட்டு வீடுகள் இருந்தன. மூன்றிலும் சேர்த்து ஏழு தறிகள். நடுவீட்டுக் குமாரசாமி நூல் வியாபாரத்தில் செழித்தார். இரு பக்கத்து வீடுகளையும் வாங்கி, மூன்றையும் இடித்து, மூன்று அடுக்கு மாடியோடு மெத்தை வீடு கட்டிவிட்டார். மேட்டூர் கரண்டு வந்த கையோடு அறைக்கு ஒரு விளக்கும் போட்டாயிற்று. ஜலகண்டாபுரத்து உறவுக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்துப் போனார்கள். தரையில் முகம் தெரிகிறதாம். மாடிப்படிக்குப் பித்தளைக் கைப்பிடியாம்.

"பதினாலு ரூமுங்க. ஒரு தறிக்குழி கெடையாது," என்பார் கந்தவேல், காது கொடுக்கிறவர் யாராக இருந்தாலும். "உள்ள இருக்கறது நாலு பேரு. ஒருத்தர ஒருத்தர் தேடிப் புடிக்கறதுக்கே பொழுது போயிரும். அந்தத் தூணு எதுக்குங்க? மெத்தையத் தாங்கறதுக்கா? அது நாம அண்ணாந்து பாக்கறதுக்கு!"

பாதித் தெரு இந்தப் பேச்சை ரசிக்கும். மீதித் தெருவுக்கு அந்த வீடு பெருமை. ரயிலடியில் ஜட்கா ஏறி "மெத்தை வீட்டுத் தெரு" என்றால் போதும், வண்டிக்காரன் மறு கேள்வி இல்லாமல் கொண்டு வந்து இறக்கிவிடுகிறான். கந்தவேல் வீட்டைத் தேடி வருகிறவர்களும் அப்படித்தான் வழி கேட்கிறார்கள். அதில்தான் அவருக்கு வயிறு எரியும்.

"உங்ககிட்டப் பணம் இருந்திருந்தா நீங்களும்தான் மூணு மெத்தை கட்டியிருப்பீங்க," என்றாள் ராமாத்தாள் ஒருநாள், சோறு போட்டுக்கொண்டே.

"கட்டியிருப்பேன். ஆனா தெருவுக்கு வடக்கால கட்டியிருப்பேன்," என்றார். பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

வாய்ப் பேச்சுக்கு அடியில் கிடந்த கசப்பு வேறு. அஸ்திவாரம் தோண்டிய அன்று தெருவின் சார்பில் கயிறு பிடித்தவரே அவர்தான். பணக்காரன் வீடு கட்டினால் படியும் தூணும் தெருவுக்குள் இறங்கி, பாவு ஓடும் இடத்தை விழுங்கிவிடும் என்று எல்லோருக்கும் பயம். கந்தவேல் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பாவுக் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டி, கொத்தனார் ஒரு சாண் முன்னே வந்திருந்ததைக் கண்டுபிடித்தார். தோண்டிய பள்ளத்தை மூட வைத்து, பின்னால் தள்ளி மறுபடி தோண்ட வைத்தார். குமாரசாமி கொஞ்சமும் முகம் சுளிக்காமல், "நீங்க சொன்னாச் சரிங்கண்ணா," என்றார். தெருவே கந்தவேலை மெச்சியது. நூலையும் தெருவையும் நீளத்தில் அளந்தே பழகிய கூட்டம். உயரத்தை அளக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சுவர் எழும்பியது சித்திரை வைகாசியில். வெயில் தலைக்கு நேரே அடித்தது, நிழல் அந்த வீட்டின் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. கார்த்திகையில் பொழுது தெற்கே சாய்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மார்கழி பிறந்தபோது உச்சி வேளையிலும் நடுத்தெருவில் வெயில் இல்லை.

இப்போது பாவு கட்டினால் இரண்டு முனையும் காய்ந்துவிடுகிறது. நடுவில் மூன்று வீட்டு நீளம் மட்டும் ஈரமாகவே கிடக்கிறது. தறிக்காரர்கள் பாவைச் சுருட்டி அடுத்த தெருவுக்குத் தூக்கிப்போக ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே முறை கிடைக்கப் பத்து நாள் ஆகும். அங்கே கஞ்சி போட வேறு ஆள் இருக்கிறார். கிழக்கு முனையில் இன்னொரு வியாபாரி இரண்டு வீடுகளைப் பேசி முடித்துவிட்டதாகக் கேள்வி. இதைப்பற்றி மட்டும் கந்தவேல் வாயே திறப்பதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மயிலம்மாள் வந்து நின்றாள். புருஷன் போன பிறகு ஒற்றைத் தறியை வைத்து இரண்டு பெண்களை வளர்க்கிறவள். பொங்கலுக்குள் சேலைகளை நெய்து கொடுத்தாக வேண்டும். "பத்து நாள் பொறுத்தா நூல் குடுத்தவங்க திருப்பி வாங்கிக்குவாங்கண்ணா," என்றாள்.

"பாவைக் கொண்டா சாமி. காத்து நல்லாத்தான் இருக்குது. காய வெக்கறது எம் பொறுப்பு."

அது வீறாப்பு. அவருக்கே தெரியும்.

வெயில் ஏறியது. முனைகள் காய்ந்து மொடமொடத்தன. நடுவில் இழைகள் நான்கு நான்காக ஒட்டத் தொடங்கின. கந்தவேல் பிரஷோடு அந்த மூன்று வீட்டு நீளத்தையே சுற்றிச் சுற்றி வந்தார். மயிலம்மாள் ஒட்டிய இழைகளை நகத்தால் பிரித்துக்கொண்டே பின்னால் வந்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மேலே மொட்டை மாடியில் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்த குமாரசாமியின் மனைவி பெரியநாயகி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்கண்ணா, அங்க எதுக்குச் சிரமப்படறீங்க? இங்க வெயில் கொளுத்துது. மேல கொண்டாந்து ஈரமா இருக்கறத மட்டும் விரிச்சுக் கட்டிக்குங்க!" அவள் குரலில் பரிகாசம் துளியும் இல்லை. இருந்திருந்தால் அதற்குப் பதில் சொல்ல அவருக்குத் தெரியும்.

வாசல்களில் நின்றிருந்தவர்கள் கந்தவேலைப் பார்த்தார்கள். அவர் மயிலம்மாளைப் பார்த்தார். பிறகு பாவின் கட்டுகளை அவிழ்த்தார். ஈரப் பாவை மடித்து மடித்து, ஒரு பாதியைத் தன் தோளிலும் மறு பாதியை அவள் தோளிலும் போட்டு, தெருவைக் கடந்தார். கஞ்சி சொட்டிக்கொண்டே வந்தது.

மெத்தை வீட்டுப் படியருகே நின்று, உள்ளே பளபளக்கும் தரையைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். ஒரு காலைத் தூக்கித் துடைத்தார். விரல் இடுக்குகளைத் துடைத்தார். மறு காலையும் துடைத்து, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு துண்டை மயிலம்மாளிடம் நீட்டினார்.