ஓடை வைத்த இடம்

நேற்றுப் பெய்த மழை மொட்டை மாடியில் மணலை வரிவரியாக விட்டுப் போயிருக்கிறது. சரிவின் தலையில் சிறுகற்கள், அப்புறம் மணல், கடைசியில் மாவு போல வண்டல். கையில் துடைப்பத்தோடு நிற்கிறேன். மனசு எங்கள் ஊர் நெல்லிவாசல் ஓடைக்குள் இறங்கிவிட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒரு கால் கொலுசைக் காணவில்லை. முந்தின நாள்தான் ஓடையில் வெள்ளம் வந்து வடிந்திருந்தது. "குளிக்கசொல்ல தண்ணி அட்ச்சிக்கினு போய்ட்ச்சிம்மா" என்றேன்.

அம்மா மடுவில் இறங்கித் தேடவில்லை. ஓடை வளைந்து வேகம் குறைகிற உள்பக்கத்து மணலில் உட்கார்ந்து தோண்டினாள்.

"சாமை தூத்தசொல்ல காத்து இன்னா பண்ணுது? கனமானத கிட்டயே போட்டுட்டு உமிய தூரமா கொண்டும்போவுது. தண்ணியும் அப்டித்தான்."

குழியின் சுவரில் கருமணலும் வெள்ளை மணலும் புடவைக் கரை போல அடுக்கடுக்காகத் தெரிந்தன. ஈரமும் இலை அழுகிய வாசனையும் குளிர்ச்சியாக மேலே வந்தன. கனமான கருமணலை மட்டும் அள்ளிச் சட்டியில் அலசிக்கொண்டே இருந்தாள். போன வருஷம் அத்தை ஓடையில் தொலைத்த மெட்டிகூடக் கிடைத்தது. கொலுசு மட்டும் வரவில்லை.

வெயில் சாய்ந்ததும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"தண்ணியில வுழுந்திருந்தா இங்கதான் இருக்கும். ஓடை பொய் சொல்லாது. மரம் ஏறாதன்னு சொன்னனே, நீ சொல்லுடி, எந்தப் புளியமரத்துல ஏறுன?"

கிளையில் மாட்டிக் கிடந்த கொலுசு அன்றே காலுக்கு வந்துவிட்டது. ஆனால் மணலில் வரியைப் பார்த்தால், இன்றும் யாரிடமாவது உண்மையைச் சொல்லிவிடத் தோன்றுகிறது.