குடிசையோடு வந்த பெயர்

ராஸ்க் குடும்பத்தார் இன்று தங்கள் பெயரைச் சொல்லும்போதே நெஞ்சை நிமிர்த்துவார்கள். சுறுசுறுப்பானவன் என்று பொருளாம். ஏதோ வீரப் பரம்பரை என்று நினைப்பு. பெயர் ரத்தத்தில் வரவில்லை, குடிசையோடு வந்தது. அந்தக் காலத்தில் ஸ்மோலாந்து மாகாணத்தில் சில பண்ணைக்காரர்கள் சேர்ந்து ராஜாவுக்கு ஒரு சிப்பாயைக் கொடுத்து, அவனுக்குக் குடிசையும் கொஞ்சம் நிலமும் விடுவார்கள். அப்படியொரு குடிசைக்கு எவன் சிப்பாயாக வந்தாலும் அவன் பெயர் ராஸ்க்தான்.

பிரிட்டாவின் கணவன் யூனாஸும் அப்படி ராஸ்க் ஆனவன்தான். ஊரைப் போல அவளும் அவனை ராஸ்க் என்றே அழைத்துப் பழகிவிட்டாள். பின்லாந்துச் சண்டைக்குப் போனவன் முகாமில் காய்ச்சல் கண்டு செத்துப்போனான். சேதி வந்தபோது பிரிட்டா அழவில்லை. ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருந்த மாவைப் பிசைந்து முடித்தாள். மனசு மரத்துப்போயிருந்தது.

பண்ணைக்காரர் ஹோகன் வந்தார். நல்ல மனிதர், உள்ளே வர மனமில்லாமல் வாசலிலேயே தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றார்.

"புதுச் சிப்பாய் கிடைச்சுட்டான், பிரிட்டா. குடிசை அவனுக்குத்தான் போகணும். கல்யாணம் ஆகாதவன். நீ சம்மதிச்சா, நீயும் குழந்தையும் இங்கயே இருக்கலாம்."

மறுத்தால் நாலு வயது ஸ்டினாவோடு பனிக்காலத்தில் தெருவில் நிற்க வேண்டும். பிரிட்டா சரி என்றாள். ஆள் யாரென்றுகூடக் கேட்கவில்லை.

வந்தவன் பெயர் எலியாஸ். அதிர்ந்து பேசாதவன். அணிவகுப்பில் கேப்டன் அவனுக்கும் ராஸ்க் என்று பெயர் சூட்டி அனுப்பியிருந்தார். கல்யாணம் முடிந்து தேவாலயத்திலிருந்து நடந்து வரும்போது அவன் மெல்லச் சொன்னான்.

"வெளியில நான் ராஸ்க்தான், வேற வழியில்ல. வீட்டுல எலியாஸ்னே கூப்பிடு. உனக்கும் அதுதான் நல்லது."

அவள் அப்படியே கூப்பிட்டாள். சமைத்தாள், துவைத்தாள், பக்கத்தில் படுத்தாள். எதுவும் அவள் மனசைத் தொடவில்லை.

அறுவடை முடிந்த ஒரு மத்தியானம், சூப்பை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தவள், பழக்க தோஷத்தில் குரல் கொடுத்தாள்.

"ராஸ்க், சாப்பிட வா."

கிழங்குத் தோட்டத்தில் எலியாஸ் நிமிர்ந்தான். ஸ்டினா அவனைப் பார்க்கவே இல்லை. உள்ளேயிருந்து பாய்ந்து வந்து, அம்மாவைத் தாண்டி ஓடி, வேலிக் கதவைத் திறந்து, அப்பா போன சாலையைப் பார்த்து நின்றாள்.

"நான் அப்புறம் சாப்பிடறேன்" என்று எலியாஸ் மறுபடி குனிந்துகொண்டான்.

குழந்தையை உள்ளே கூப்பிட வேண்டும். பிரிட்டா வாயைத் திறந்தாள். கூப்பிடாமல் வேலிவரை நடந்துபோய், குழந்தையின் பக்கத்தில் நின்று தானும் சாலையைப் பார்த்தாள்.